மழைக்கு ஒதுங்கும் கொடி

என் அக்காவின் கணவர் லிப்ட் மெக்கானிக். நான் மாமா என்று கூப்பிடுவேன். ஊரில் பாதிக் கட்டடங்களில் ஜனங்களை மேலும் கீழும் அனுப்பிவைக்கிறவர் குடியிருப்பது லிப்டே இல்லாத கட்டடத்தில், நாலாவது மாடியில். இதை யாராவது சொல்லிக் காட்டினால் அவருக்குக் கோபம் பொத்துக்கொண்டு வரும். "டாக்டர் வீட்ல யாருக்கும் சளியே பிடிக்காதா?" என்பார். அதற்கும் இதற்கும் என்ன சம்பந்தம் என்று நான் கேட்டதில்லை. கேட்டால் விளக்குவார்.

விளக்குவது ஒன்றுதான் அவரிடம் உள்ள தொல்லை. குடிக்க மாட்டார், கடன் வாங்க மாட்டார், அக்காவை ஒரு வார்த்தை அதட்டியதில்லை. ஆனால் வாயைத் திறந்தால் மூடமாட்டார். அவர் கையில் வேலை இருக்கும்போது எனக்கு அவரைப் பிடிக்கும். வேலை முடிந்ததும் அதைப் பற்றிப் பேச ஆரம்பிப்பார், அப்போது நான் செருப்பைத் தேடுவேன்.

அவருக்கு ஒரு மனக்குறை இருந்தது. ஒவ்வொரு லிப்டுக்குள்ளும் பொத்தான்களுக்கு மேலே ஒரு பித்தளைத் தகடு இருக்கும். கம்பெனியின் பெயர், எத்தனை பேர் ஏறலாம், எவ்வளவு எடை தாங்கும் என்றெல்லாம் அதில் பொறித்திருப்பார்கள். "ஏறி இறங்குறவன் உயிரு என் கையில இருக்கு. தகட்டுல எவன் பேரோ இருக்கு" என்பார். வீட்டுக்கு யார் வந்தாலும் இதைச் சொல்லாமல் விடமாட்டார். கேட்டுக் கேட்டு எங்களுக்குக் காது புளித்துவிட்டது. அவருக்கு மட்டும் ஒவ்வொரு தடவையும் அது புதிதாக வலித்தது என்று நினைக்கிறேன்.

அக்காவுக்கும் தொழில் உண்டு. இரண்டு லாட்ஜுகளின் படுக்கை விரிப்புகளையும் தலையணை உறைகளையும் வாங்கி வந்து, துவைத்து, மொட்டை மாடியில் காயவைத்து, இஸ்திரி போட்டு, காகிதத்தில் சுற்றித் திருப்பிக் கொடுப்பாள். வெயில் இருக்கும்வரை நிம்மதியான தொழில். வானம் கறுத்தால் அடுப்பில் இருப்பதை அப்படியே போட்டுவிட்டு மாடிக்கு ஓடுவாள். காய்ந்த விரிப்பு ஒரு தூறலில் நனைந்தால் மறுபடி முதலிலிருந்து அலச வேண்டும். லாட்ஜ்காரர்களுக்கு மழையெல்லாம் ஒரு காரணமே இல்லை. அப்படி ஓடியபோது ஒருநாள் படியில் சறுக்கிக் கணுக்கால் பிசகிவிட்டது. அக்கா காலில் கட்டோடு உட்கார்ந்திருந்ததைப் பார்த்து மாமா, "இனிமே நீ ஓட வேண்டாம், கொடியே ஓடும்" என்றார். நாங்கள் வழக்கமான பேச்சு என்றுதான் நினைத்தோம்.

ஆனால் செய்தார். மொட்டை மாடியில் தண்ணீர்த் தொட்டிப் பக்கம் ஒரு தகரக் கூரை உண்டு. திறந்த வெளியிலிருந்து அந்தக் கூரையின் அடிவரைக்கும் இரண்டு தண்டவாளங்கள் போட்டார். துணிக்கொடிகளை ஒரு சட்டத்தில் கட்டி, சட்டத்துக்குச் சக்கரம் வைத்தார். பழைய லிப்டிலிருந்து கழற்றிய ஓர் இரும்புக் கட்டியைக் கம்பியில் கோத்துக் கைப்பிடிச் சுவருக்கு வெளியே தொங்கவிட்டார். இரும்பு கீழே இறங்கினால் சட்டம் துணிகளோடு கூரைக்குள் உருண்டு போய்விடும். அதை வெயிலில் நிறுத்தி வைக்க ஒரு கொக்கி. அவ்வளவு எடையைத் தாங்குகிற அந்தக் கொக்கி, சுண்டுவிரலால் தட்டினால் விலகிவிடும். லிப்ட் மெக்கானிக் செய்த கொக்கி என்று பார்த்ததுமே தெரியும். இனி பாக்கி இருந்தது ஒன்றுதான். மழை வந்ததும் அந்தக் கொக்கியைத் தட்ட ஓர் ஆள் வேண்டும்.

முதலில் உப்புக்கட்டி வைத்தார். மழையில் உப்பு கரைந்தால் கொக்கி விலகும் என்று கணக்கு. ஆனால் காலைப் பனியிலேயே அது கரைந்தது. ஈர விரிப்பிலிருந்து சொட்டிய தண்ணீரிலும் கரைந்தது. பிறகு பாட்டரியும் கம்பியும் வைத்தார். காக்கை எச்சமிட்டால் கொடி ஓடியது. ஈரத் துணி காற்றில் அடித்துக் கம்பியில் பட்டால் ஓடியது. கொளுத்துகிற வெயிலில் திடீரென்று கடகடவென்று சத்தம் கேட்கும். விரிப்புகள் எல்லாம் கூரைக்குள் போய் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு நிற்கும். அக்கா ஏறிப்போய் இரும்பைத் தூக்கி, சட்டத்தை இழுத்துத் திரும்ப மாட்டுவாள். முன்பு மழைக்கு மட்டும் ஓடியவள், இப்போது வெயிலுக்கும் ஓட வேண்டியதாயிற்று. அவள் ஒன்றும் சொல்லவில்லை. புருஷன் தனக்காகச் செய்ததைக் குறை சொல்ல மனசு வரவில்லை என்று பின்னால் என்னிடம் சொன்னாள்.

அப்புறம் ஒரு மழைநாளில் அது சரியாக வேலை செய்தது. மாமா சொன்னபடி கதை இதுதான். வேலைக்குப் போகிற வழியில் ஒரு நனைந்த செய்தித்தாள் காலில் ஒட்டிக்கொண்டது. குனிந்து இழுத்தார், இரண்டாகக் கிழிந்தது. அந்த இடத்திலேயே மூளையில் பளிச்சென்று பட்டது. கொக்கியை ஒரு செய்தித்தாள் பட்டையால் கட்ட வேண்டும். அதற்கு மேலே, துணிகளைவிட உயரத்தில், ஒரு புனல் இருக்க வேண்டும். மழை புனலில் சேர்ந்து பட்டையில் விழும். நனைந்த காகிதம் அறும், கொக்கி விலகும், கொடி கூரைக்குள் போகும். பனிக்கு அறாது, ஈரத் துணிக்கு எட்டாது. அடுத்த தடவைக்கு இன்னொரு பட்டை கிழித்துக் கட்டினால் போதும். நான் இந்தக் கதையைக் குறைந்தது பத்துத் தடவை கேட்டிருக்கிறேன். கேட்கக் கேட்க அந்தச் செய்தித்தாளில் என்ன தலைப்புச் செய்தி இருந்தது என்பதுவரை வளர்ந்துவிட்டது.

உண்மையைச் சொன்னால், நானும் அசந்துதான் போனேன். கண் முன்னால் தூறல் விழுகிறது, புனலிலிருந்து சொட்டுகிறது, பட்டை அறுகிறது, மொத்தக் கொடியும் மானம் மரியாதையோடு கூரைக்குள் ஒதுங்குகிறது. மாமா புனலை மாற்றி, அடியில் துளையிட்ட செம்புக் கிண்ணம் வைத்தார். பட்டையைப் பிடிக்க அழகான ஒரு கவ்வி செய்தார். யாராவது பார்த்துக் காப்பியடித்துவிடுவார்கள் என்று மாடிக் கதவுக்குப் பூட்டும் போட்டார். கட்டடத்தில் மற்றவர்கள் முணுமுணுத்தார்கள். துணி காயப்போட அக்காவே அவரிடம் சாவி கேட்க வேண்டியிருந்தது. யாருக்கும் காட்டாத ஒன்றைப் பற்றித் தெரு முழுக்கப் பேசினார். தெருவில் அவருக்கு விஞ்ஞானி என்று பெயர் விழுந்தது. கேலிதான். அவர் அதை மரியாதையாக எடுத்துக்கொண்டார்.

கூட வேலை செய்கிற ஒருவர், "பேட்டண்ட் வாங்கலேன்னா எவனாவது பெரிய கம்பெனிக்காரன் தூக்கிட்டுப் போயிடுவான்" என்று கொளுத்திப் போட்டார். மாமா அன்றிலிருந்து வேறு பேச்சே பேசவில்லை. வக்கீலைப் பார்ப்பதற்கு முன்பே ஒரு காரியம் செய்தார். எழுத்து வெட்டுகிற கடைக்குப் போய் ஒரு பித்தளைத் தகடு அடித்து வாங்கி வந்தார். அதில் அவருடைய முழுப் பெயர், அதற்குக் கீழே 'கண்டுபிடித்தவர்' என்று ஒரே ஒரு வார்த்தை. அச்சு வைத்துச் சுத்தியலால் ஓங்கி அடித்த எழுத்துகள். எங்களுக்குக் காட்டிவிட்டு, ஒரு பழைய தலையணை உறையில் சுற்றி அலமாரியில் வைத்தார். பேட்டண்ட் வந்ததும் மாடிக் கம்பத்தில் திருகிவிட வேண்டியதுதான். அதைக் காட்டும்போது அவர் விளக்கம் எதுவும் சொல்லவில்லை. அதனால்தான் அவருக்கு இது எவ்வளவு முக்கியம் என்று எனக்கு உறைத்தது.

பேட்டண்ட் வக்கீல் ஓர் அம்மாள். கண்ணாடிக் கடைக்கு மேலே மூன்றாவது மாடியில் ஆபீஸ். நான் வேலை பார்க்கிற செருப்புக் கடைக்கு அன்று விடுமுறை என்பதால் என்னையும் கூட்டிப்போனார். மாதிரியைப் பிடித்துக்கொள்ள ஓர் ஆள் வேண்டும் என்று அக்காவையும் கூட்டிப்போனார். கிண்ணமும் கவ்வியும் கொக்கியும் ஒரு பலகையில் பொருத்தி, அக்கா அதை மடியில் வைத்துப் பஸ்ஸில் கொண்டு வந்தாள். அங்கே லிப்ட் இருந்தது. மாமா கதவில் காதை வைத்துக் கேட்டுவிட்டு, "பேரிங் போச்சு" என்றார். படியேறினோம்.

வக்கீல் அம்மாள் அதிகம் சிரிக்காதவர். எங்கள் வரைபடத்தை முன்பே வாங்கி, அதுபோல வேறு யாராவது செய்திருக்கிறார்களா என்று தேடி வைத்திருந்தார். ஒவ்வொரு தாளாக மேசையில் போட்டார். "உங்களுக்கு முன்னால உலகத்துல யாரும் செய்யாததா இருந்தாதான் பேட்டண்ட், சார். தண்டவாளத்துல ஓடுற கொடி இதோ இருக்கு. எடை கட்டி இழுக்கிறது பழசு. கொக்கியும் பழசு. உப்பு ஒருத்தர் போட்டிருக்கார். பாட்டரி நிறையப் பேர்."

மாமாவின் முகத்தில் ஈயாடவில்லை. அந்தக் கொக்கியைத் தேய்த்துத் தேய்த்து அவர் விரல் காய்த்ததை நான் பார்த்திருக்கிறேன். எனக்கே வக்கீல் மேல் எரிச்சல் வந்தது.

"ஆனா இந்தக் காகிதப் பட்டையும் புனலும் சேர்ந்த ஏற்பாடு எனக்கு எங்கயும் கிடைக்கல" என்றார் வக்கீல். "அதனால விண்ணப்பம் மொத்தமும் இது ஒண்ணப் பத்தித்தான்."

மாமாவுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. "அதான் மேடம் விஷயமே" என்று நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டு, செய்தித்தாள் காலில் ஒட்டிய கதையை ஆரம்பித்தார். வக்கீல் பாதியிலேயே கையைக் காட்டி நிறுத்தினார்.

"கதை வேண்டாம் சார். நான் எழுதறதப் படிச்சு இன்னொருத்தர் இதத் தானே செஞ்சுக்கணும், அதான் சட்டம். அதனால கேக்கறேன். ஏன் நியூஸ்பேப்பர்? வேற காகிதம் ஏன் ஆகாது?"

"நியூஸ்பேப்பர்னா... எல்லார் வீட்லயும் இருக்கும் மேடம்."

"சரி. வேற என்னென்ன போட்டுப் பாத்தீங்க?"

மாமா வாயைத் திறந்தார், மூடினார். எதைப் பற்றியும் ஒரு மணி நேரம் பேசக்கூடியவர் அவர். மடியில் பலகையோடு உட்கார்ந்திருந்த அக்கா, யாரோ உப்பு எங்கே இருக்கிறது என்று கேட்டதற்குப் பதில் சொல்வது போலச் சொன்னாள்.

"டிஷ்யூ பேப்பர் காத்துக்கே கிழிஞ்சிடுதுங்க. நூல் கட்டினா, நனைய நனைய இறுகுது. பழுப்புக் கவர் அறுந்து போறதுக்குள்ள துணியெல்லாம் நனைஞ்சிடும். நியூஸ்பேப்பர்லயும் நீளவாக்குல கிழிச்சதுதான் நிக்கும். குறுக்கால கிழிச்சா காஞ்சிருக்கும்போதே அறுந்துடும்."

வக்கீல் எழுதிக்கொண்டே கேட்டார். "இது உங்களுக்கு எப்படிம்மா தெரியும்?"

"லாட்ஜுக்கு மூட்டைய நியூஸ்பேப்பர்லதாங்க சுத்திக் கொண்டுபோவேன். மழை பிடிச்சிக்கிட்டா வாசல் போறதுக்குள்ள கையிலயே பிரிஞ்சிடும். எத்தன தடவ பொறுக்கியிருக்கேன்."

பேனா நின்றது. "அப்ப, இந்தப் பட்டை கட்டறது உங்களுக்குத் தோணினதா?"

அக்கா மாமாவைப் பார்த்தாள். பிறகு பலகையைப் பார்த்தாள். "அன்னிக்கு அவர் வேலைக்குப் போயிருந்தாருங்க. துணி காயணுமே."

மாமா அக்காவைக் கோபமாகப் பார்ப்பார் என்று நினைத்தேன். அவர் பார்த்தது சுவரை. "நான் வரும்போது..." என்று ஆரம்பித்து நிறுத்தினார். பிறகு, தனக்குத்தானே பேசுகிறவர் போல, "எண்ணெய் ஊத்துற புனல். மாப் குச்சில கட்டியிருந்துச்சு" என்றார். அந்த மனிதர் பொய் சொன்னவர் இல்லை என்று அப்போது எனக்குப் புரிந்தது. திரும்பத் திரும்பச் சொல்லி, சொன்ன கதையை அவரே நம்பிவிட்டார். செய்தித்தாள் காலில் ஒட்டியது நிஜமாகவே நடந்திருக்கலாம். என்றைக்கு என்பதுதான் கேள்வி.

வக்கீல் கண்ணாடியைக் கழற்றினார். "கண்டுபிடிச்சவர்ங்கற இடத்துல இவங்க பேர்தான் வரணும் சார்."

"ரெண்டு பேர் பேரும் போட முடியாதா?" என்று நான்தான் கேட்டேன். மாமா கேட்கவில்லை.

"புதுசா இருக்கற பாகத்துல இவருக்குப் பங்கு இருந்தா போடலாம். நீங்க என்ன சொல்றீங்களோ அத நான் எழுதுவேன். வீட்டுக்கு வந்து விசாரிக்கப் போறதில்ல. ஆனா கீழ, உண்மைன்னு கையெழுத்துப் போடறது நீங்க. போய் யோசிச்சிட்டு வாங்க."

திரும்பும்போது மாமா பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து வெளியே பார்த்துக்கொண்டே வந்தார். வீட்டுப் படியேறும்போது அக்கா பின்னாலிருந்து, "உங்க பேரையே போடுங்க. எனக்கு எதுக்கு அதெல்லாம்?" என்றாள். எனக்கு அப்பாடா என்றிருந்தது. மாமாவுக்கும் அப்படித்தான் இருந்திருக்கும். நடையில் ஒரு தெம்பு தெரிந்தது.

அடுத்த வாரம் நான் போனபோது விண்ணப்பம் இஸ்திரி மேசை ஓரத்தில் பெயர் நிரப்பாமலே கிடந்தது. நான் மேசைக்குப் பக்கத்தில் டீ குடித்துக்கொண்டிருந்தேன். பெரிய விரிப்பை மடிக்க இரண்டு பேர் வேண்டும். அக்கா ஒரு முனையையும் மாமா இன்னொரு முனையையும் பிடித்திருந்தார்கள். இரண்டு பேரும் நெருங்கி வந்து மூலையோடு மூலை சேர்க்க வேண்டும், விலகி உதற வேண்டும், மறுபடி நெருங்க வேண்டும். அப்படி நெருங்கி வந்தபோது மாமா கேட்டார்.

"நெஜமாவே உனக்கு வேண்டாமா?"

அக்கா மூலையை வாங்கிக்கொண்டு விலகினாள். உதறினாள். திரும்பி வந்தபோது சொன்னாள்.

"வேண்டாம்னு சொன்னது பொய்."

மாமா விரிப்பைப் பிடித்தபடி நின்றார்.

"வேணும். அந்த மேடம், 'உங்களுக்குத் தோணினதா'ன்னு கேட்டாங்க இல்ல, அப்ப எனக்கு எவ்வளவு சந்தோஷமா இருந்துச்சு தெரியுமா? பஸ்ல வரும்போது அதையே நெனச்சிட்டு வந்தேன். எனக்கு என்ன தோணுதுன்னு யாரும் என்னைக் கேட்டதே இல்ல. நீங்களா கேட்டீங்க, அதனால சொல்றேன். கேக்காம இருந்திருந்தா சொல்லியிருக்க மாட்டேன்."

"மொதல்லயே சொல்லியிருக்கலாமே. நான் ஊரெல்லாம் சொல்லிட்டுத் திரிஞ்சேனே."

"நீங்க பேசிட்டு இருந்தீங்க" என்றாள் அக்கா. "நடுவுல எப்படிச் சொல்றது?"

குத்தலாகச் சொல்லவில்லை. இருக்கிறதைத்தான் சொன்னாள். அதனால் மாமாவால் சண்டை போடவும் முடியவில்லை. அவர் தன் பக்கத்து மூலைகளைத் தப்பாகச் சேர்த்துக் கொடுத்தார். அக்கா அதைப் பிரித்து, மறுபடி அவர் கையில் கொடுத்து, சரியாகச் சேர்க்க வைத்தாள். விரிப்பு மடிந்து முடிந்ததும் மாமா கை துடைத்துக்கொண்டு மேசையில் உட்கார்ந்து, அவரே தன் கையால் அவள் பெயரை எழுதினார். எழுதிவிட்டு வெகு நேரம் அதைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்கு வருத்தமாக இருந்தது. அதை அவர் மறைக்கவில்லை. "கொக்கி நல்ல கொக்கிடா" என்று என்னிடம் மட்டும் சொன்னார். நல்ல கொக்கிதான் என்றேன்.

விண்ணப்பம் போனது. தெருவில் விஞ்ஞானி என்று கூப்பிட்டவர்களுக்கு மாமா பதில் சொல்வதை நிறுத்தினார். ஆனால் விஷயம் என்ன என்றும் யாரிடமும் சொல்லவில்லை. அலமாரியில் தகடு உறைக்குள்ளேயே கிடந்தது. இதை இப்படியே அமுக்கிவிடுவார் என்றுதான் நினைத்தேன். பெயரைத் தாளில் எழுதிக் கொடுத்ததே பெரிது என்று எனக்குத் தோன்றியது.

மழைக்காலம் முடிகிற சமயத்தில் பேட்டண்ட் ஆபீசிலிருந்து பதிவுத் தபால் வந்தது. விண்ணப்பம் கிடைத்தது, எண் இன்னது என்கிற தகவல்தான். தபால்காரர் கீழே நின்று பெயரை வாசித்தார். வாட்ச்மேன் யோசித்தார். முதல் மாடி அம்மாளைக் கேட்டார், இரண்டாவது மாடிக்காரரைக் கேட்டார். யாருக்கும் தெரியவில்லை. அந்தக் கட்டடத்தில் அக்கா லிப்ட்காரர் வீட்டம்மா. சிலருக்குத் துணிக்காரம்மா. "அப்படி யாரும் இங்க இல்லையே, திருப்பி அனுப்பிடுங்க" என்று வாட்ச்மேன் சொல்லிக்கொண்டிருந்தபோது மாமா வேலை முடிந்து உள்ளே வந்தார்.

"இருக்காங்க. நாலாவது மாடி" என்றார். "என் வீட்டுக்காரிதான்."

"அவங்க பேரு இதுவா?" என்றார் வாட்ச்மேன். "இத்தன வருஷமா இருக்காங்க, தெரியாமப் போச்சே சார்."

மாமா அக்காவைக் கீழே கூப்பிட்டுக் கையெழுத்துப் போடச் சொல்லிவிட்டு மேலே போனார். அலமாரியைத் திறந்தார். உறையோடு தகட்டை எடுத்துக்கொண்டு வெளியே போனார். நான் இதையெல்லாம் அக்கா சொல்லித்தான் தெரிந்துகொண்டேன்.

அடுத்த முறை நான் போனபோது மாடிக் கதவில் பூட்டு இல்லை. கட்டடத்துக்காரர்கள் இரண்டு மூன்று பேர் தங்கள் துணிகளையும் அதே கொடியில் போட்டிருந்தார்கள். கிண்ணத்துக்குக் கீழே கம்பத்தில் தகடு திருகியிருந்தது. அக்காவின் முழுப் பெயர், அதற்குக் கீழே 'கண்டுபிடித்தவர்'. புதுத் தகடு என்று நினைத்துத் தடவிப் பார்த்தேன். எழுத்துகளுக்கு நடுவே விரலில் என்னவோ மேடு மேடாக இடறியது. பழைய தகடுதான். பின்பக்கம் திருப்பி அடித்திருக்கிறார். மெல்லிய பித்தளை; முன்பு அடித்த எழுத்துகள் இந்தப் பக்கம் புடைத்துக்கொண்டு, இடவலமாக மாறி நின்றன. கம்பத்தைப் பார்த்தபடி அவர் பெயர் உள்ளே இருந்தது.

பேட்டண்ட் இன்னும் வரவில்லை. வருமா என்று வக்கீல் அம்மாளும் உறுதி சொல்லவில்லை. மாடிக்கு யார் வந்தாலும் மாமா கொக்கியைக் காட்டி விளக்க ஆரம்பிக்கிறார். பட்டையிடம் வந்ததும் பேச்சை நிறுத்திவிட்டு, "இத அவகிட்ட கேளுங்க" என்கிறார். அக்கா கையில் இருப்பதைக் கீழே வைத்துவிட்டு விளக்குகிறாள். அவளும் நீளமாகத்தான் விளக்குகிறாள். நான் செருப்பைத் தேடுவதில்லை.